பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை

கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது நான் என்ன வேலை செய்கிறேன் என்று பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தெரிந்துவிட்டால் போச்சு, "சார், இப்ப ஃபிளாட் வாங்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?" என்று ஆரம்பித்துவிடுவார். வீட்டுச் சந்தைப் பொருளாதாரத்தைப் படித்து, அதையே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அதிலேயே முடி நரைத்தவனிடம் வேறு எதைக் கேட்பார்கள். நானும் கணக்கைப் போட்டுக் காட்டுவேன். 80 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட், அதற்கு வாடகை 20,000 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2.4 லட்சம், அதாவது விலையில் 3 சதவீதம். 64 லட்சம் கடன் வாங்கி 8.5 சதவீத வட்டியில் 20 வருடம் கட்டினால் மாதத் தவணை 55,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் வரும். தவணையில் அசலும் இருக்கிறது, உண்மைதான், ஆனால் முதல் மாதத் தவணையில் 45,000 ரூபாய்க்கு மேல் வட்டி மட்டுமே. வாடகைக்கு இருந்தால் 20,000, வாங்கினால் வட்டியே 45,000, நடுவில் இருக்கும் அந்தப் பணத்தை எதற்காகக் கொடுக்கிறோம்? நிலத்தின் விலை ஏறும் என்ற நம்பிக்கைக்காக. கட்டடம் வருடா வருடம் தேய்ந்துகொண்டுதான் போகும், ஏறுவதெல்லாம் யூ.டி.எஸ். என்கிற பிரிபடாத நிலப் பங்குதான். இதைச் சொல்லி முடிப்பதற்குள் இலை போட்டுவிடுவார்கள்.

அவரிடம் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. நான் சர்வசாதாரணமாக எடுத்துக்கொண்ட அந்த 80 லட்சம் என்ற எண் பெரும்பாலும் எந்த அரசு ஆவணத்திலும் இருக்காது. என் தொழில் வாழ்க்கையில் பாதிக்கு மேல் அந்த எண்ணைத் தேடுவதில்தான் கழிந்தது.

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது, ஒரு வீட்டின் விலையை அதன் குணங்களாகப் பிரித்துப் பார்க்கும் முறை. 1974-இல் ஷெர்வின் ரோசன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதற்கு ஒழுங்கான கோட்பாடு கொடுத்தார். வீட்டை யாரும் ஒற்றைப் பொருளாக வாங்குவதில்லை, இத்தனை சதுர அடி, இத்தனை அறை, ரயில் நிலையத்துக்கு இவ்வளவு தூரம், நல்ல தண்ணீர், பள்ளிக்கூடம் என்று ஒரு மூட்டையாக வாங்குகிறோம், போதுமான விற்பனைகளைச் சேர்த்தால் மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்று கண்டுபிடிக்கலாம் என்பது அதன் சாரம். படிக்கும்போது ரொம்ப அழகாக இருந்தது. அப்புறம் சென்னையில் பத்திரப்பதிவு விவரங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே தெருவில் ஒரே வருடத்தில் நடந்த விற்பனைகள் எல்லாம் சதுர அடிக்கு ஒரே விலையில் நின்றன. மூலை மனையும் அதே விலை, தெருக்குத்து உள்ள மனையும் அதே விலை. தெருக்குத்து மனைக்கு நம் ஊரில் விலை குறையாமல் இருக்குமா? குறைந்தது, ஆனால் பத்திரத்தில் குறையவில்லை, ஏனென்றால் பத்திரத்தில் எழுதியிருந்தது சந்தை விலை அல்லவே அல்ல, கைடுலைன் வேல்யூ.

பதிவுத்துறை ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வழிகாட்டி மதிப்பு வைத்திருக்கிறது. அதற்குக் கீழே எழுதினால் முத்திரைத்தீர்வைக்குப் பிரச்சினை, வருமான வரிச் சட்டத்தின்படி விற்பவருக்கும் பிரச்சினை. அதற்கு மேலே எழுதினால் இரண்டு பேருக்கும் வீண் செலவு. அதனால் கூட்டம் எல்லாம் சரியாக அந்தக் கோட்டில் வந்து நிற்கும், மீதி கையில் கைமாறும். விதிவிலக்கு, வங்கிக் கடன் எடுத்து வாங்குபவர்கள். பத்திர மதிப்பைப் பார்த்துத்தான் வங்கி கடன் கொடுக்கும், அதனால் வாங்குபவர் முழு விலையையும் எழுதச் சொல்வார், விற்பவர் மூலதன ஆதாய வரிக்குப் பயந்து மாட்டேன் என்பார். இவர்கள் இருவரின் இழுபறி எங்களுக்கு லாபம், அடமானத்தோடு பதிவாகும் பத்திரங்களில்தான் ஓரளவு உண்மை விலை தெரியும். இதிலும் ஒரு சிக்கல், 2023 வரை பல காலமாக நம் ஊரில் புது ஃபிளாட்டுக்கு யூ.டி.எஸ். நிலத்தை மட்டும் கிரயம் செய்துவிட்டுக் கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்து விற்பனைப் பத்திரத்தை மட்டும் பார்ப்பவருக்கு முழு ஃபிளாட்டின் விலை கண்ணில் படாது.

2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். மாணவர்களிடம் இந்தக் கணக்கைப் போடச் சொல்வேன். முன்பு 100 ரூபாய் மதிப்புக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவு 1, ஆக 8 ரூபாய். பிறகு 67 ரூபாய்க்கு 11 சதவீதம், அதாவது 7 ரூபாய் 37 காசு. வாங்குபவருக்குக் கிடைத்த சலுகை சொற்பம், அரசுக்கு ஏற்பட்ட நஷ்டமும் சொற்பம், ஆனால் கணக்கில் வராத பணத்துக்குக் கிடைத்த இடம் பெரியது. 2023-இல் பழைய மதிப்புக்கே திரும்பி, பதிவுக் கட்டணத்தை 2 சதவீதம் ஆக்கினார்கள். பத்திர விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு வெளியூரிலிருந்து யாராவது விலைக் குறியீடு தயாரித்தால் சென்னையில் 2017-இல் வீட்டு விலை சரிந்துவிட்டது என்றும் 2023-இல் பறந்துவிட்டது என்றும் எழுதிவிடுவார். அந்த மாதங்களில் விலை சொல்லும் வீட்டுக்காரர் யாரும் இதற்காகத் தன் விலையை மாற்றியதாக நான் கேள்விப்படவில்லை.

அதனால் புரோக்கர்களிடம் போனேன். டீக்கடை, ஜெராக்ஸ் கடை, சார்பதிவாளர் அலுவலக வாசல், பத்திர எழுத்தரின் பெஞ்சு, அங்கேதான் உண்மை விலை இருக்கிறது. முதலில் யாரும் பேச மாட்டார்கள், வருமான வரி ஆபீஸிலிருந்து வந்திருக்கிறானோ என்ற சந்தேகம். பேச ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, ரோசன் சமன்பாடாக எழுதியதை இவர்கள் வாயிலேயே வைத்திருக்கிறார்கள். வடக்குப் பார்த்தது என்றால் இவ்வளவு கூட, முப்பதடி ரோடு என்றால் இவ்வளவு கூட, மழைக்குத் தண்ணி நிக்கிற தெருன்னா இவ்வளவு கம்மி. எந்தத் தெருவில் எந்தச் சாதிக்காரருக்கு, எந்த மதத்துக்காரருக்கு வீடு கிடைக்காது என்பதும் அதே குரலில் வரும். "வெஜிடேரியன் மட்டும்" என்ற போர்டு யாருக்காக என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. எங்கள் துறையின் சமன்பாட்டில் காசு கொடுக்கத் தயாராக இருப்பவருக்கு வீடு கிடைத்துவிடும். தெருவில் அப்படி இல்லை.

இப்படி எந்த எண்ணைப் பார்த்தாலும், இதை எழுதியது யார், எந்த வசதிக்காக எழுதினார் என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. அரசாங்கத்தின் பெரிய எண்களுக்கும் இதே கேள்விதான். 2012-இல் பேராசிரியர் அமிதாப் குண்டு தலைமையிலான குழு இந்திய நகரங்களில் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. மேடைகளில் இந்த எண்ணைச் சொல்லும்போது 1.88 கோடிக் குடும்பங்கள் பிளாட்பாரத்தில் கிடப்பது போல ஒரு தொனி இருக்கும். அறிக்கையைப் பிரித்துப் பார்த்தால் வீடே இல்லாதவர்கள் 5.3 லட்சம். சுமார் 1.5 கோடி, இட நெருக்கடி என்ற கணக்கில் வருவது, கல்யாணமான தம்பதிக்குத் தனி அறை இல்லாத வீடுகள். அதுவும் கஷ்டம்தான், ஒரே அறையில் மகனும் மருமகளும் மாமியாரும் படுக்கிற வீட்டில் போய்ப் பேசினால் தெரியும். ஆனால் அதற்கு மருந்து ஊருக்கு வெளியே புது அடுக்குமாடியா, இருக்கிற வீட்டின் மேல் ஒரு அறை எடுக்கக் கடனா? வேறு வேறு வைத்தியம். இன்னொரு பக்கம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் 1.1 கோடி. முதலீட்டுக்காக வாங்கிப் போட்டவை, வெளிநாட்டில் இருப்பவர்களுடையவை, குடி வைத்தால் காலி செய்ய மாட்டார்களோ என்ற பயத்தில் பூட்டி வைத்தவை. 2015-இல் மத்திய அரசு எல்லோருக்கும் வீடு என்ற திட்டத்தைத் தொடங்கியபோது நகரங்களுக்கான இலக்கு 2 கோடி, மாநிலங்கள் தேவையைக் கணக்கெடுத்துச் சொன்ன பிறகு அது 1.12 கோடியாக இறங்கியது.

சென்னையில் இந்தப் பற்றாக்குறைக் கணக்கு கடைசியில் எங்கே போய் முடிந்தது என்று பார்க்க பெரும்பாக்கம் போக வேண்டும். குடிசை மாற்று வாரியம் 1970-இல் ஆரம்பித்தபோது பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலேயே மாடி கட்டிக் கொடுத்தார்கள். 2000-க்குப் பிறகு ஊருக்கு வெளியே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், எட்டு அடுக்கு, சென்ட்ரலிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்தவர்களைக் கூட்டம் கூட்டமாக அங்கே கொண்டுபோனார்கள். வாரியத்தின் கணக்கில் அந்த வீட்டின் மதிப்பு என்பது கட்டுமானச் செலவு. வீட்டுவேலைக்கு நடந்தே போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு அதன் மதிப்பு, கட்டுமானச் செலவிலிருந்து பஸ் காசு, இரண்டு மணி நேரப் பயணம், போன வேலை, அவசரத்துக்குக் கைமாத்து கொடுத்த அக்கம்பக்கம் எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவது. ஒருமுறை அரசுத் துறை ஒன்றின் கூட்டத்தில் எங்கள் ஆய்வுக்கான கேள்வித்தாளைக் காட்டியபோது, வேலைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கேள்வியை மட்டும் எடுத்துவிடலாமே என்றார்கள். எதற்கு என்று கேட்டேன், "அது ஹவுசிங் சம்பந்தப்பட்டது இல்லையே சார்."

அகமதாபாத்தில் 1987-இல் குலுக்கல் முறையில் ஊருக்கு வெளியே வீடு கொடுத்தார்கள். பதினான்கு வருடம் கழித்து பார்ன்ஹார்ட், ஃபீல்ட், ரோகிணி பாண்டே என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் குலுக்கலில் ஜெயித்தவர்களையும் தோற்றவர்களையும் தேடிப் பிடித்து ஒப்பிட்டார்கள். ஜெயித்தவர்களில் 34 சதவீதம் பேர் குடியேறவே இல்லை, 32 சதவீதம் பேர் போய் இருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள். குடும்ப வருமானத்தில் மாற்றம் இல்லை, பிள்ளைகளின் நிலையிலும் இல்லை. வகுப்பில் இந்த ஆய்வை நடத்தும் நாளில் பெரும்பாக்கத்திலிருந்தோ கண்ணகி நகரிலிருந்தோ வரும் மாணவர் யாராவது இருந்தால் நான் பேசுவதைக் குறைத்துக்கொள்வேன்.

மாற்று வழி நம் ஊரிலேயே இருந்தது. 1977-இல் உலக வங்கிக் கடனோடு அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்து, ரோடு, தண்ணீர், சாக்கடை, ஒரு கழிப்பறை மட்டும் போட்டுக் கொடுத்து, மீதியை நீயே கையில் காசு வரவரக் கட்டிக்கொள் என்றார்கள். பெரிய மனைகளைச் சந்தை விலைக்கு விற்று ஏழைகளின் மனைக்கு ஈடு கட்டினார்கள். பிறகு முகப்பேர், மதுரவாயல், மணலி. ஆரம்பத்தில் ஆள் வராமல் மனைகள் காலியாகக் கிடந்ததால் தோல்வி என்று கையைக் கழுவிவிட்டார்கள். இன்றைக்கு முகப்பேரில் நடந்து பார்த்தால் ஒரு மாடி, இரண்டு மாடி என்று விதவிதமாக எழுப்பிய வீடுகளும் கீழே கடைகளுமாக நல்ல ஊர். திட்டத்தின் தேர்வுத்தாளை நாலைந்து வருடத்தில் திருத்திவிட்டார்கள், வீடு வளர இருபது வருடம் ஆகும் என்று யாரும் பொறுக்கவில்லை. பெரும்பாக்கம் போல ஒரே நாளில் திறப்பு விழா நடத்த முடியாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம், இது என் சந்தேகம் மட்டும்தான்.

இப்போது நான் உட்கார்ந்திருப்பது லீஸ் பிரச்சினையில். மதுரைப் பக்கம் ஒத்தி, சென்னையில் போகியம் அல்லது லீஸ். மாத வாடகை கிடையாது, மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் இரண்டு மூன்று வருடம் இருந்துகொள்ளலாம், காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். தென்கொரியாவில் ஜியோன்சே என்று இதே ஏற்பாடு உண்டு, அங்கே வங்கி, காப்பீடு எல்லாம் இதைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள், அவர்களைப் பற்றி ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. நம்முடையதைச் சீந்துவார் இல்லை. கணக்கைப் பாருங்கள். 15,000 வாடகை வரக்கூடிய வீட்டை 10 லட்சத்துக்கு லீஸ் விடுகிறார் என்றால் வீட்டுக்காரர் வருடத்துக்கு 1.8 லட்சம் வாடகையை விட்டுக்கொடுத்து 10 லட்சம் கடன் வாங்குகிறார். 18 சதவீத வட்டி. வங்கியில் கடன் கிடைப்பவர் இதைச் செய்வாரா? குடியிருப்பவருக்கோ அந்த 10 லட்சம் வைப்பில் 7 சதவீதத்துக்கு இருந்திருந்தால் மாதம் 5,800 ரூபாய் வந்திருக்கும், அதை விட்டுக்கொடுத்து 15,000 ரூபாய் வீட்டில் இருக்கிறார். அவருக்குப் பிரமாதம், பணம் திரும்ப வருகிற வரைக்கும். வாடகைக்கு ஒத்துக்கொள்ளாமல் லீஸுக்கு மட்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற வீட்டுக்காரர் ஏற்கனவே அதைவிட அதிக வட்டிக்கு எங்கோ கடன் வாங்கியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பழைய பணத்தை அடுத்து வருபவரின் பணத்தில்தான் கொடுப்பார்கள், அடுத்த ஆள் வரவில்லை என்றால் சங்கிலி அறுந்துவிடும். கொரியாவில் 2022, 2023-இல் இன்ச்சியோனில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படித்தான் சிக்கின. இங்கே கதவில் வங்கி ஜப்தி நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் வீடு அடமானத்தில் இருந்தது தெரியவரும். 1882-இன் சொத்து மாற்றுச் சட்டத்தில் அனுபவப் பாத்தியதை உள்ள அடமானம் என்று முறையாகப் பதிவு செய்யும் வழி இருக்கிறது, பணம் திரும்ப வரும்வரை வீட்டை விடத் தேவையில்லை. யாரும் செய்வதில்லை. பதிவுச் செலவை மிச்சம் பிடிக்க முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம், அதையே புதுப்பித்துக்கொண்டு போவது. 2017-இல் வந்த புது வாடகைச் சட்டம் முன்பணத்தை மூன்று மாத வாடகை என்று வரையறுத்தாலும், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் சரி என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

லீஸ் தொகைகளை எந்த அலுவலகமும் சேகரிப்பதில்லை என்பதால் மாணவர்கள் கம்பத்திலும் சுவரிலும் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் எண்களுக்குப் போன் போட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் லீஸ் எவ்வளவு, வாடகை என்றால் எவ்வளவு என்று இரண்டையும் கேட்டுக் குறித்துவருகிறார்கள். முதல் எண்ணைச் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். வாடகைக்கு ஏன் விடுவதில்லை என்று கேட்டதும் பலர் போனை வைத்துவிடுகிறார்கள், அந்தக் கேள்வியை எப்படி மாற்றிக் கேட்பது என்றுதான் போன வாரம் முழுக்க விவாதம் ஓடியது.