தண்ணீர் பாட்டில்

ஈரோட்டில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம், நினைவாற்றல் சோதனை செய்யும் உளவியலாளராக வேலை பார்க்கிறேன். ஒரு சித்திரை மாதத்தில், சென்னிமலைப் பக்கம் நாற்பது ஆண்டுகள் கைத்தறி நெய்த பெரியவர் ஒருவரை அவருடைய மருமகள் அழைத்து வந்தார். பார்க்கின்சன் நோய்க்கு வேறோர் இடத்தில் மருந்து வாங்கிச் சாப்பிட்டதில் கை நடுக்கம் குறைந்திருந்தது. மறதிதான் சில மாதங்களாக மிகுந்துவிட்டது என்றார் மருமகள்.

வேப்பமரம், குடை, கிணறு என்று மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டேன். ஒன்றும் வரவில்லை. "மழைக்குப் பிடிப்போமே, ஐயா" என்று குறிப்புக் கொடுத்தபோது, "அப்படி ஒண்ணு சொன்னீங்களா அம்மிணி?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். இடையில் ஐந்தாறு முறை மருமகளின் பாட்டிலை வாங்கித் தண்ணீர் குடித்தார். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

பார்க்கின்சன் நோயில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் குறைந்து மூளையின் முன்மடலின் வேலை மந்தப்படுவதால், பதிந்ததை எடுத்துத் தருவதுதான் பெரும்பாலும் தடுமாறும். குறிப்புக் கொடுத்தால் சொல் வந்துவிடும். இவருக்கோ பதிவே விழவில்லை. அது அல்சைமரின் சாயல் என்பதால், அந்த மறதி நோயும் சேர்ந்திருக்கலாம் என்று அறிக்கையில் எழுதிவிட்டேன். மாத்திரைச் சீட்டை நான் கேட்கவில்லை, மருத்துவர் கேட்டார்.

அதில் டிரைஹெக்சிபெனிடில் என்ற மாத்திரை இருந்தது. மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் பகுதியில் டோபமைனும் அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு வேதிப்பொருளும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நிற்பவை. டோபமைன் குறையும்போது அசிட்டைல்கோலினின் கை ஓங்கி நடுக்கத்துக்கு வழிசெய்வதால், அது வந்து ஒட்டும் ஏற்பிகளை அடைத்து நடுக்கத்தைத் தணிக்கிறது இந்தப் பழைய மருந்து. ஆனால் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் புதிய செய்தி பதியவும் அதே அசிட்டைல்கோலின் வேண்டும், வாயில் எச்சில் ஊறவும் வேண்டும். 1921இல் ஆட்டோ லோவி தவளையின் இதயத்தை வைத்து, நரம்புகள் வேதிப்பொருளால் செய்தி அனுப்புவதைக் காட்டியபோது அகப்பட்டதும் இந்தப் பொருள்தான் என்பதைத் தேர்வுக்காக உருப்போட்டவள் நான். எதிரே ஒருவர் வாய் வறண்டு உட்கார்ந்திருந்தபோது ஒன்றும் உறைக்கவில்லை. என் அறிக்கையை நம்பி அல்சைமருக்கான டோனெபெசிலைத் தொடங்கியிருந்தால், அசிட்டைல்கோலினைக் கூட்ட ஒரு மாத்திரை, அதைத் தடுக்க இன்னொரு மாத்திரை என்று ஆகியிருக்கும்.

மருத்துவர் இதை விளக்கியபோது பெரியவர், "பாவு நூல்ல ஒரு பக்கம் இழுத்தா மறுபக்கம் தொய்யத்தானுங்க செய்யும்" என்றார். நான் படித்த பாடநூல்கள் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அந்த மாத்திரையைச் சட்டென நிறுத்தக் கூடாது என்பதால் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து, மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா மருந்தின் அளவைச் சரிசெய்தார்கள். ஆடியில் மறுபடி வந்தபோது, வேறு மூன்று சொற்களில் இரண்டைத் தாமாகவும் ஒன்றைக் குறிப்பின் பேரிலும் சொன்னார். பாட்டிலைக் கேட்கவில்லை. வலது கையில் நடுக்கம் கொஞ்சம் திரும்பியிருந்தது. காப்பி சிந்தாமல் இருக்க, இப்போதெல்லாம் அரை டம்ளர்தான் ஊற்றித் தருகிறாராம் மருமகள்.