சுவரில் படியாத புகை

போன வைகாசியில் பள்ளத்தூரில் ஒரு வீட்டுக் கல்யாணம். முகப்புக்குப் பக்கத்தில் 62 கே.வி.ஏ. திறனுள்ள என் ஜெனரேட்டர் வண்டியை நிறுத்தியிருந்தேன். காரைக்குடியில் 19 வருடமாக இதுதான் என் தொழில். மறுநாள் காலை அந்த வீட்டு ஆச்சி என்னைக் கூப்பிட்டுத் திண்ணைச் சுவரைக் காட்டினார். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பூச்சு, கை வைத்தால் வழுக்கும். அதில் ஆள் உயரத்துக்குக் கரி. “இதை இனிமே யாரு தம்பி இழைச்சுத் தருவா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஏர் ஃபில்டர் அடைத்திருந்தது. காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்தால் கரும்புகைதான். ஃபில்டரை மாற்றி இன்ஜெக்டரையும் சரிபார்த்தேன். புகை நின்றது. பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் ஒரு நாள் பிளஸ் ஒன் படிக்கும் மகள் என் டீசல் கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 830 கிராம். அதில் 700 கிராமுக்குக் கொஞ்சம் மேல் கார்பன். எரியும்போது ஒவ்வொரு 12 கிராம் கார்பனும் காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. ஆக, ஒரு லிட்டருக்கு 2.6 கிலோ! ஊற்றியதைவிட மூன்று மடங்கு எடை வெளியே போகிறது. நான் நம்பவில்லை, இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அந்தக் கல்யாணத்துக்கு 80 லிட்டர் ஓடியது. 208 கிலோ, அதாவது எட்டுச் சிப்பம் அரிசிக்கும் மேல்.

பூமியைச் சூடாக்கும் இந்தக் கார்பன் டை ஆக்சைடுக்கு நிறம் இல்லை, சுவரில் படியாது. நன்றாக எரிகிற இன்ஜினிலும் இது வரத்தான் செய்யும். குறைக்க ஒரே வழி, டீசலைக் குறைப்பதுதான். ஹவாயின் மவுனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது. இன்று 420க்கு மேல். அதில் என் நோட்டுக்கும் பங்கு உண்டு என்பது மனதை அறுக்கிறது.

போன மாதம் கானாடுகாத்தானில் ஒரு சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், பந்தல் போட்டு ஏசி வைக்கக் கேட்டார்கள். வானம் பார்த்த வளவு, உயர்ந்த கூரை, காற்று தானாக ஓடும் வீடு அது. ஏசி வேண்டாம், ஃபேன் போதும் என்று உட்கார்ந்து பேசிச் சம்மதிக்க வைத்தேன். வாடகை பாதியானது. சரி, போகட்டும். 25 கே.வி.ஏ. வண்டியைக் கொண்டுபோனேன், 23 லிட்டர்தான் ஓடியது. நோட்டில் டீசலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு இழுத்து, 60 கிலோ என்று எழுதி வைத்தேன்.