முழுப்பெயர் என்ற கட்டம்

மே 11, சனி

கோடை விடுமுறைக்கென்று மகளின் பள்ளியில் கொடுத்தனுப்பிய தாள்களில் ஒன்று: படித்த நாவலில் வரும் ஐந்து பேரைப் பற்றி எழுத வேண்டும். முழுப்பெயர், வயது, தொழில், குணம் என்று நான்கு கட்டங்கள். அவள் தேர்ந்தெடுத்தது எச்.ஜி. வெல்ஸின் 'டைம் மெஷின்'. அலமாரியில் இருப்பவற்றிலேயே அதுதான் ஒல்லியான புத்தகம். காரணத்தை அவள் மறைக்கவும் இல்லை.

இரவு தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். "கதாநாயகருடைய பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது, அம்மா?"

"எந்தப் பக்கத்திலும் வராது."

அவள் நம்பவில்லை. கல்லூரி நாட்களில் படித்த புத்தகம் என்பதால் எனக்கே கொஞ்சம் சந்தேகம்தான்.

மே 12, ஞாயிறு

மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்து படித்து முடித்தேன். வரவே இல்லை. அவரைக் காலப்பயணி என்று சொல்வது வசதி என்று முதல் வாக்கியத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு சமாதானம் சொல்லிவிட்டு வெல்ஸ் நகர்ந்துவிடுகிறார். 1895-இல் வெளிவந்த நாவல். விருந்துக்கு வருகிறவர்களும் அப்படித்தான்: மருத்துவர், உளவியலாளர், பத்திரிகை ஆசிரியர், வெளியூர் மேயர், மிகவும் இளைஞர் ஒருவர். எதற்கெடுத்தாலும் வாதாடும் சிவப்பு முடிக்காரருக்கு மட்டும் ஃபில்பி என்று பெயர் உண்டு. அதுவும் பாதிப் பெயர்.

இந்தத் தடவை சிரித்துவிட்ட இடம் இரண்டாவது வியாழக்கிழமை விருந்து. காலப்பயணி அழுக்குக் கோட்டும் ரத்தக்கறை படிந்த காலுறையுமாக நொண்டிக்கொண்டு வந்து, ஒரு விளக்கமும் சொல்லாமல் ஆட்டிறைச்சியை விழுங்குகிறார். மேசையைச் சுற்றி எல்லாருக்கும் சங்கடம். நிலைமையைச் சமாளிக்க, ஹெட்டி பாட்டர் என்ற ஒருத்தியைப் பற்றி நிருபர் துணுக்குகள் சொல்ல ஆரம்பிக்கிறார். யார் அந்த ஹெட்டி பாட்டர்? முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. கதைக்குள் காலே வைக்காத அவளுக்குப் பெயரும் குடும்பப் பெயரும் கச்சிதமாக இருக்கின்றன. 8,02,701-ஆம் ஆண்டையும் தாண்டிப் போய்த் திரும்பியவருக்கு ஓர் எழுத்துகூடக் கிடையாது.

1960-இல் ஜார்ஜ் பால் இதைப் படமாக்கியபோது கதாநாயகருக்கு ஜார்ஜ் என்று பெயர் வைத்தார். இயந்திரத்தில் பொருத்திய தகட்டில் 'எச். ஜார்ஜ் வெல்ஸ்' என்றே பொறித்திருக்கும். எழுதியவரையே பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். மகளிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. "அப்படியானால் அதையே எழுதிவிடுகிறேன்" என்கிறாள்.

மே 14, செவ்வாய்

வங்கிக் கவுன்ட்டரில் நாள் முழுவதும் நான் கேட்பதும் இதே கேள்விதான் என்று இன்றைக்குத்தான் உறைத்தது. எங்கள் கணினிக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது. ஆகவே இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போடுவோம். அதுவும் முடியாவிட்டால் ஒரு புள்ளி. இன்று ஒரு பாட்டியிடம் படிவத்தில் இருந்தபடியே கேட்டேன்: "குடும்பப் பெயர் என்ன?"

"எந்தக் குடும்பம்? பிறந்த வீடா, புகுந்த வீடா?"

புள்ளி வைத்தேன்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் தம்பியை அலுவலகத்தில் எல்லாரும் எங்கள் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அப்பாவுக்கு அதில் பரம திருப்தி.

மே 16, வியாழன்

வெல்ஸின் இன்னொரு நாவலான 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' பக்கம் ஒரு நடை போய் வந்தேன். 1898. கதை சொல்கிறவருக்குப் பெயர் இல்லை, மனைவிக்கு இல்லை, மருத்துவம் படிக்கும் தம்பிக்கும் இல்லை. பாதிரியார் பாதிரியார்தான், பீரங்கிப் படைவீரன் படைவீரன்தான். செவ்வாய்வாசிகளின் முக்காலி யந்திரங்களோடு மோதி அழியும் போர்க்கப்பலுக்கு மட்டும் 'தண்டர் சைல்ட்' என்று கம்பீரமான பெயர். வீடு, தெரு, ஊர் எல்லாம் சாம்பலாகும்போது மனிதர்கள் தொழிலும் உறவுமாகச் சுருங்கிப்போவது இயல்பு என்று படுகிறது. இங்கே வெல்ஸ் செய்தது சரி.

மே 18, சனி

பெயரில்லாதவர்களுக்கெல்லாம் மூத்தவர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி உருவாக்கிய அந்த ஜீவன். 1818-இல் வந்த அந்த நாவலில் மேரி ஷெல்லி அதற்குப் பெயர் வைக்கவில்லை. வைக்க வேண்டியவன் பார்த்த மாத்திரத்தில் ஓடிவிட்டான், பிறகு யார் வைப்பது? 1823-இல் லண்டனில் நாடகமாகப் போட்டபோது, விளம்பரத் தாளில் அந்தப் பாத்திரத்துக்கு நேராக வெறும் கோடு மட்டும் போட்டிருந்தார்கள். அது ஷெல்லிக்குப் பிடித்திருந்தது என்று அவருடைய கடிதத்திலிருந்து தெரிகிறது. 1931 படத்தின் தொடக்கத்தில் நடிகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. போரிஸ் கார்லாஃப் பெயர் கடைசியில்தான் வரும். கோட்டைத்தான் நான் உயர்வாகச் சொல்வேன். கேள்விக்குறியில் டிக்கெட் விற்கும் வாசனை இருக்கிறது.

ஜூல் வெர்ன் நாவலில் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பலை ஓட்டும் கேப்டன் நெமோ விஷயத்தில் எனக்கு இரண்டு மனம். லத்தீனில் நெமோ என்றால் 'யாருமில்லை'. ஜூல் வெர்ன் முதலில் அவரை ரஷ்யர்களுக்குப் பகையான போலந்துப் பிரபுவாக நினைத்திருந்தார். ரஷ்யாவில் விற்பனை போய்விடும் என்று பதிப்பாளர் எட்செல் தடுத்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்து 'மர்மத் தீவு' நாவலில் அவர் யார் என்று தெரிகிறது: இளவரசர் டக்கார், பந்தேல்கண்ட் ராஜாவின் மகன், 1857 கிளர்ச்சியில் போரிட்டவர். பதினாறு வயதில் இதைப் படித்துவிட்டு, நாட்டிலஸே நம்முடையது என்பதுபோல் திரிந்தேன். இப்போது படித்தால், கடலுக்கடியில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த அந்த 'யாருமில்லை'தான் பெரிய ஆளாகத் தெரிகிறார். இளவரசர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மே 21, செவ்வாய்

இன்று கொஞ்சம் கோபமாக எழுதுகிறேன். 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் தகவல் தொடர்பு அதிகாரியாக வரும் உஹுரா. 1966-இல் தொடங்கி மூன்று பருவங்கள், 79 அத்தியாயங்கள். பிறகு அதே குழுவை வைத்து ஆறு படங்கள். அத்தனையிலும் அவருடைய இன்னொரு பெயரை ஒருவரும் ஒரு தடவைகூட உச்சரிக்கவில்லை. சுவாஹிலியில் விடுதலையைக் குறிக்கும் உஹுரு என்ற சொல்லிலிருந்து உஹுராவை எடுத்தார்கள், அத்தோடு நின்றுவிட்டார்கள். 'நியோட்டா', அதாவது நட்சத்திரம், என்பது 1982-இல் வில்லியம் ராட்ஸ்லர் எழுதிய புத்தகத்தில் வந்தது. திரையில் கேட்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விண்கலத்தை ஓட்டும் சுலுவுக்கும் இதே கதை: 'ஹிகாரு' என்பது வோண்டா மெக்கின்டயர் 1981-இல் ஒரு நாவலில் வைத்த பெயர், திரைக்கு வந்தது 1991-இல்.

கேப்டன் கிர்க்குக்கோ ஆரம்பத்திலேயே இனிஷியல் தாராளம். இரண்டாவது முன்னோட்ட அத்தியாயத்தில் அவருக்காக எழுப்பிய கல்லறைக் கல்லில் 'ஜேம்ஸ் ஆர். கிர்க்' என்று இருக்கும், பிறகு அது 'டி' ஆகிவிட்டது. தப்பாக வைக்கவாவது அவருக்கு ஆள் இருந்தது. உஹுராவையும் காலப்பயணியையும் ஒரே பட்டியலில் போடுகிறவர்களை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அங்கே ஆசிரியர் யோசித்து மறைத்தார். இங்கே கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

மே 22, புதன்

நேற்று எழுதியதில் ஒரு நேர்மைக் குறைவு. சின்ன வயதில் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கும் தோன்றவில்லை. உஹுரா என்றால் உஹுரா. நம் பக்கம் ஒற்றைப் பெயரே முழுப்பெயர் என்பதால், பாதி காணாமல் போயிருக்கிறது என்பதே தெரியாது. 'ஏலியன்' படத்திலும் அப்படித்தான். டாலஸ், கேன், ரிப்ளி, ஆஷ், லாம்பர்ட், பார்க்கர், பிரெட் எல்லாம் குடும்பப் பெயர்கள் என்று வெகு நாட்களுக்குப் பிறகுதான் புரிந்தது. ரிப்ளி என்பது அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வைத்த பெயர் என்றே நினைத்திருந்தேன்.

அந்தப் படத்தில் இது வெறும் சோம்பல் அல்ல. எந்தப் பாத்திரத்தையும் ஆணும் நடிக்கலாம், பெண்ணும் நடிக்கலாம் என்று திரைக்கதையிலேயே குறிப்பு உண்டு. அதற்குக் குடும்பப் பெயர்தான் தோது. அந்த இடைவெளி வழியாகத்தான் 1979-இல் ரிப்ளி ஒரு பெண்ணாக உள்ளே வர முடிந்தது. சரக்கு விண்கலத்தில் சம்பளம், போனஸ் பற்றி முணுமுணுக்கும் தொழிலாளர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

மே 26, ஞாயிறு

மழை. மின்சாரம் இல்லை. மகளுக்கு மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரஷ்ய எழுத்தாளர் ஸம்யாதினின் 'நாங்கள்' நாவலின் கதையைச் சொன்னேன். அதுவும் நாட்குறிப்புதான், நாற்பது பதிவுகள். எழுதுகிறவன் டி-503. அந்த நாட்டில் ஆண்களுக்கு மெய்யெழுத்தும் ஒற்றைப்படை எண்ணும், பெண்களுக்கு உயிரெழுத்தும் இரட்டைப்படை எண்ணும்: ஐ-330, ஓ-90. "பெண்களுக்கு உயிரா?" என்று அவள் மகிழ்ந்துபோனாள். 1924-இல் நியூயார்க்கில் ஆங்கிலத்தில் வந்த நாவல், சொந்த நாட்டில் அச்சாக 1988 ஆனது.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' நினைவுக்கு வந்தது. அங்கேயும் அரசாங்கம் பெயரில்தான் முதலில் கை வைக்கிறது: எல்லாருக்கும் இரண்டெழுத்து. நிலா, சிபி, ரவி. இயந்திர நாய்க்கும் ஜீனோ. படிக்கும்போது அழகான பெயர்களாகத் தோன்றுவதுதான் அதில் உள்ள விஷமம்.

'சுல்தானாவின் கனவு' பற்றியும் சொன்னேன். வங்க எழுத்தாளர் ரொக்கேயா எழுதி, 1905-இல் நம் சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' வெளியிட்ட கதை. பெண்கள் ஆளும் நாட்டைச் சுற்றிக் காட்டுகிறவளைத் தன் தோழி சாரா என்று நினைத்துக் கூடவே போகிறாள் கதை சொல்கிறவள். பாதி வழியில் ஆள் வேறு என்று தெரிகிறது. ஆனாலும் கடைசி வரை அவள் சகோதரி சாராதான்.

ஜூன் 2, ஞாயிறு

தாளை முடித்துவிட்டாள். சரிபார்க்கச் சொல்லி நீட்டினாள்.

முதல் வரிசையில் காலப்பயணிக்குப் பெயர்க் கட்டத்தில் ஒரு நீளக் கோடு. ஜார்ஜை விட்டுவிட்டாள். டீச்சர் எழுதாமல் விட்டதாக நினைத்துக்கொள்வார்களே என்றேன். "பெயரை விடுங்கள், வயதுக்கு என்ன போடுவது? போகும்போது இருந்ததா, வரும்போது இருந்ததா?" அங்கே பென்சிலால் எழுதி அழித்த தடம் இருந்தது. தாள் கொஞ்சம் நைந்தும் போயிருந்தது.

இரண்டாவது, எதிர்காலத்தில் காலப்பயணி சந்திக்கும் வீனா. அந்தப் பெயருக்குப் பொருள் தெரியாவிட்டாலும் பொருத்தமாக இருந்தது என்று காலப்பயணி சொல்வதை அப்படியே எழுதியிருந்தாள். வீனா அவருடைய சட்டைப்பையில் செருகிவிட்ட இரண்டு வெள்ளைப் பூக்களைக் 'குணம்' கட்டத்தில் சேர்த்திருந்தாள். மூன்றாவது ஃபில்பி. நான்காவது வீட்டு வேலைகளைப் பார்க்கும் திருமதி வாட்செட்.

ஐந்தாவது வரிசையில், முழுப்பெயர்: ஹெட்டி பாட்டர். வயது, தொழில், குணம் மூன்றும் காலி.