முழு நிமிடம்

2023 நவம்பர் இறுதியில், வட சீனாவில் குழந்தைகளிடையே நிமோனியா பரவுவதாகத் தொலைக்காட்சிகள் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் தேவிபட்டினத்தை ஒட்டிய கடலோரக் கிராமங்களில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். மைக்கோபிளாஸ்மா, ஆர்.எஸ்.வி., இன்ஃப்ளூயன்சா போன்ற பழகிய கிருமிகளே காரணம் என்று சீனத் தரப்பு உலக சுகாதார நிறுவனத்திடம் தெரிவித்துவிட்டது. ஆனாலும் அடைமழைக் காலத்தில் வழக்கமாக வரும் இருமலுக்கே, "சிஸ்டர், இது அந்தச் சீனாக் காய்ச்சலா?" என்று தாய்மார்கள் பதறினார்கள். அந்தப் பதற்றத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வசம்பை உரைத்துக் கொடுத்துவிட்டு மூன்று நாள் காத்திருக்கிறவர்கள்கூட அந்த ஆண்டு முதல் நாளே வந்தார்கள்.

இருமல் சத்தத்தை விடுங்கள், சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பாருங்கள் என்றேன். இரண்டு மாதம் முடிந்து ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மூச்சு நிமிடத்துக்கு 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டாலே என்னைக் கூப்பிட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் எனக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இவ்வளவு கறாராகச் சொன்னதற்குக் காரணம் என் பழைய தவறு ஒன்றுதான். சில ஆண்டுகளுக்கு முன், சீமைக்கருவேல விறகின் புகை அடைந்து நின்ற ஓலை வீட்டில், எட்டு மாதப் பையன் ஒருவனுக்கு அவசரத்தில் 15 நொடி மட்டும் எண்ணினேன். 12 வந்தது, நான்கால் பெருக்கினால் 48. சளிதான் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது, சற்று விரையும், சற்று நிற்கும் என்பதைப் பயிற்சியில் படித்தவள்தான் நான். மறுநாள் விடியலில், "பால் குடிக்க மாட்டேங்குறான்க்கா" என்று தாய் தூக்கி வந்தபோது, முழு நிமிடம் எண்ணினேன்: 63. விலாவுக்குக் கீழே குழி விழுந்திருந்தது. ஆக்சிஜனும் ஊசியுமாக எட்டு நாள் கழித்தே அவன் வீடு திரும்பினான்.

2021 முதல், நிமோனியாவை உண்டாக்கும் ஒரு முக்கியக் கிருமிக்கு எதிரான நியூமோகாக்கல் தடுப்பூசி அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; ஆனால் அது எல்லாக் கிருமிகளையும் தடுப்பதில்லை என்பதைத் தாய்மார்களுக்குப் புரியவைப்பது பெரும்பாடு.

அந்த டிசம்பரில் ஓர் இரவு, கணவர் கடலுக்குப் போயிருந்த ஒரு பெண் போன் செய்தாள். "ஒன்றரை வயசுக்கா. செல்போன்ல மணி பாத்து எண்ணுனேன், 46. குழி விழல." அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பையில் வைத்துக்கொண்டு மழையோடு போனேன். குழந்தை அவள் மடியில் உறங்கியது. நானும் ஒரு நிமிடம் எண்ணினேன், 45 வந்தது.