செவலைக்கு அளந்து போட்ட பத்து நாட்கள்

ஊட்டியில் கோடை சீசன் முடிந்து மழை பிடித்துக்கொள்ளும் ஜூன் மாதத்தில்தான் எங்கள் குதிரைக் காப்பகத்துக்கு வேலை கூடும். சவாரிக்கு ஆள் குறைந்ததும் தீனிச் செலவு தாங்காத சிலர் மட்டக்குதிரைகளைச் சாலையில் விட்டுவிடுகிறார்கள். அவை குப்பைத்தொட்டியில் வாய் வைக்கின்றன. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. விழுங்கிய பிளாஸ்டிக் பை குடலை அடைத்தால் வலியில் புரண்டு புரண்டே உயிர் போகும்.

2023 ஜூனில் செவலை என்ற பெண்குதிரையை அப்படி ஒரு குப்பைத்தொட்டி அருகேதான் பார்த்தோம். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். சேணம் உரசிய இடத்தில் புண், அதில் ஈ. உரிமையாளர் உள்ள விலங்கை நாமாக ஓட்டிவர முடியாது என்பதால் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து, மருத்துவரின் சான்றும் வாங்கிக்கொண்டு, அன்றே கேத்திப் பக்கம் இருக்கும் எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்தோம். அவளை எங்களிடமே வைத்துப் பராமரிக்க நீதிமன்ற உத்தரவு பிறகு வந்தது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அதே 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல் முறைக் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். அவளுடைய ஒரு நாள் தீனிக்கே அது காணாது. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

மருத்துவர் முதலில் சொன்னது: "இதுவரை இருந்ததைவிட இனிமேல்தான் ஆபத்து." எனக்கு அது புதிதல்ல. காப்பகம் தொடங்கிய முதல் ஆண்டில் எலும்பும் தோலுமாக வந்த ஒரு குதிரைக்கு ஆசை ஆசையாகக் கொள்ளு வேகவைத்துப் போட்டேன். நன்றாகத் தின்றது. நான்காம் நாள் விழுந்து இறந்தது. பட்டினி கிடந்த உடம்பில் மாவுச்சத்து திடீரென இறங்கினால் இன்சுலின் ஏறி, ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸையும் மெக்னீசியத்தையும் செல்களுக்குள் இழுத்துவிடுகிறது, இதயம் தாங்குவதில்லை. அந்தச் சாவு என் கையால் நடந்தது.

ஆகவே செவலைக்குத் தானியமே கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து வரவழைத்த காய்ந்த குதிரை மசால் (லூசர்ன் என்ற தீவனப்பயிர்) மட்டும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, தராசில் நிறுத்து, அரைக் கிலோவுக்கும் குறைவாக. ஒரு நாளுக்கு ஆறு வேளை. பக்கத்துக் கேரட் தோட்டத்துப் பெரியவர் ஒரு வாளி கொள்ளோடு வந்து நின்றார். "இளைத்தவனுக்கு எள்ளு என்பார்கள். நீங்கள் புல்லைக்கூட எண்ணிப் போடுகிறீர்களே, அம்மா" என்றார். அவர் மனம் நோகாமல் வாளியைத் திருப்பி அனுப்புவது பெரும்பாடாகிவிட்டது.

இரவு இரண்டு மணி வேளைதான் கடினம். முதல் இரண்டு இரவுகள் அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. மூன்றாம் இரவு நான் கதவைத் திறக்கும் முன்பே உள்ளேயிருந்து தாழ்ந்த குரலில் ஒரு கனைப்பு. போட்டதைத் தின்று முடித்துவிட்டு, தரையில் உதிர்ந்த இலைத்தூளை உதட்டால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பிறகு என் வெறும் உள்ளங்கையைத் தேடினாள். பக்கத்தில் மூட்டை மூட்டையாக மசால் இருக்க, விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். நான்காம் நாளிலிருந்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். பத்தாம் நாளுக்குப் பிறகு வயிறாரத் தின்னவிட்டோம்.

இதற்கிடையே கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் அது. இருப்பது உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்தாக வேண்டும். முடிவு வரும்வரை அவளைத் தனிக் கொட்டகையில்தான் வைத்திருந்தோம். நோய் இல்லை என்று தாள் வந்த அன்று கோயிலுக்குப் போனேன்.

மலையில் குதிரை வளர்ப்பவர்கள் கிக்குயூ புல் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். எங்கள் சரிவு முழுக்க அதுதான். மாட்டை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் குதிரைக்குக் கால்சியம் சேரவிடாது; கூடவே தவிடும் போட்டால் இன்னும் மோசம். எங்களிடம் ஏற்கெனவே இருந்த ஒரு கிழக்குதிரைக்கு முகத்தெலும்பு வீங்கி, கால் நொண்டிய பிறகுதான் இது புரிந்தது. இப்போது தவிட்டை நிறுத்திவிட்டோம். மசாலோடு கால்சியமும் கொடுக்கிறோம்.

பணம்? அறக்கட்டளைப் பத்திரம், வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவு என்று அலைந்ததைத் தனியாகத்தான் எழுத வேண்டும். பல்லைப் பார்த்துச் செவலைக்கு ஏழெட்டு வயதிருக்கும் என்றார் மருத்துவர். குதிரை இருபத்தைந்து ஆண்டுக்கு மேலும் வாழும். நன்கொடை கேட்கும்போது அந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

ஆகஸ்டில் லாடக்காரர் அவள் குளம்பைத் தூக்கிக் காட்டினார். மேல்விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் ஒரு பள்ளக்கோடு. பட்டினி கிடந்த காலத்தின் தடம் அது என்றார். குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை அவர் சீவ வரும்போதெல்லாம் அந்தக் கோடு கீழே இறங்கியிருக்கும். மறு ஆண்டு ஏப்ரலில், சீசன் தொடங்கும் நேரத்தில், அது நுனிக்கு வந்துவிட்டது. அவர் கத்தரித்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கோடு அதில் இருந்தது. செவலை என் தோளில் மூக்கை வைத்து மசாலுக்காக இடித்துக்கொண்டிருந்தாள்.