செவேர்ன் கரையில் ஒரு கடின ஓட்டம்

இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முன்னர் நடக்கும் மரதன் ஓட்டத்தை நம் கல்லூரியில் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தட்டையான வீதி, கொளுத்தும் வெயில். எடுத்த எடுப்பில் பாய்ந்தவர்கள் பாதிவழியில் விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரே வேகத்தில் ஓடியவர்கள் இல்லத்துக்குப் புள்ளி எடுத்துக் கொடுப்பார்கள். இங்கிலாந்தின் காட்டுப்பாதைகளில் அந்தப் பாடம் பாதிதான் உதவும். ஏற்ற இறக்கத்தில் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். மூச்சை மட்டும் ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும். அதைப் பழக ஷ்ரொப்ஷயரின் அயன்பிரிட்ஜ் பள்ளத்தாக்கு அருமையான இடம். கரடும் வழுக்கலும் நிறைந்த பாதை, ஆனால் ஒவ்வொரு கரட்டுக்கும் ஒரு காரணம் உண்டு: பனியுக முடிவில் உருகிய நீர் இந்தப் பள்ளத்தாக்கை அறுத்தபோது சுண்ணாம்புக்கல், நிலக்கரி, இரும்புத்தாது, களிமண் எல்லாம் வெளியே தெரிந்தன. தொழிற்சாலைகள் வந்ததும் அதனால்தான்.

செவேர்ன் ஆற்றின் மேலுள்ள இரும்புப் பாலத்தின் தென்முனையிலிருந்து, 1963இல் மூடப்பட்ட ரயில் பாதையில் மேற்கே தொடங்குங்கள். ரயில் ஓடிய தடம் என்பதால் சமதரை. உடம்பு சூடேற நல்லது. பழைய சுண்ணாம்புச் சூளைகளைத் தாண்டியபின் பென்தால் எட்ஜ் காட்டுக்குள் படிகள் ஏறுகின்றன. தாதிலுள்ள கழிவைப் பிரித்தெடுக்க, இரும்பு உருக்கும் ஊதுலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். இந்த மலையை வெட்டித்தான் கொடுத்தார்கள். படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று ஒவ்வாது. இங்கே ஓடவே வேண்டாம். முழுப்பாதத்தையும் படியில் வைத்து, கையால் தொடையை அழுத்தி நடந்தால் கெண்டைக்கால் தப்பும். நுனிக்காலில் ஏறுகிறவர்களுக்குப் பிற்பாடு தசை பிடிப்பது இதனால்தான். மேலே பழைய கல்லுடைப்பு விளிம்புகள் செங்குத்தாக விழுகின்றன. பாதையை விட்டு விலகாதீர்கள். இறக்கத்தில் இலைச் சருகுக்கு அடியில் ஈரச் சுண்ணாம்புக்கல் கண்ணாடிபோல் வழுக்கும். குதிகாலால் பிரேக் பிடிக்காமல், குறுகிய அடிகளாக வேகமாக வையுங்கள்.

அடுத்தது இரும்புப் பாலம். 1779இல் எழுப்பி 1781இல் திறந்தார்கள். ஏறத்தாழ 30 மீற்றர் அகலத்தை ஒரே வளைவாகத் தாண்டுகிறது. ஆணி, திருகுக்குப் பதில் தச்சர்களின் பொருத்துகளையே வார்ப்பிரும்பில் செய்திருக்கிறார்கள். 1934 முதல் வாகனங்களுக்கு அனுமதியில்லை. சுற்றுலாப் பயணிகள் நிறைந்திருப்பார்கள், நடந்தே கடவுங்கள். அக்கரையில் லிங்கன் ஹில் ஏற்றம். தொழிலாளர்கள் ஞாயிறுகளில் உலாவ ரிச்சர்ட் ரெனல்ட்ஸ் அமைத்த நடைபாதைகள் அங்கே இன்னும் இருக்கின்றன. அப்புறம் கோல்புரூக்டேல். 1709இல் முதலாம் ஏபிரகாம் டார்பி மரக்கரிக்குப் பதிலாகக் கற்கரியால் (நிலக்கரியைச் சுட்டு எடுப்பது) இரும்பு உருக்கியது இங்குள்ள ஊதுலையில். இதை மட்டுமாவது நின்று பாருங்கள். நேரத்தைக் கணக்கிடுவோரும் இரண்டு நிமிடம் இழக்கலாம்.

ஆற்றோரமாகக் கிழக்கே திரும்பினால் வீதியோரத்தில் 1757இன் பெட்லம் ஊதுலைகள். அதற்கப்பால் லொயிட்ஸ் கொப்பிஸ் காடு: நிலக்கரிப் படுகைக் களிமண். இந்தச் சரிவுகள் இன்னும் நகர்கின்றன. எதிர்க்கரை ஜக்ஃபீல்டில் 1952இல் மண்சரிவு வீடுகளையே கொண்டுபோனது. படிகள் சாய்ந்திருக்கும், வேர்கள் வெளியே நீட்டியிருக்கும். சப்பாத்து விடயத்தில்தான் சிக்கல். களிமண்ணுக்கு அடியில் ஆழமான பல் வேண்டும், ஈரக்கல்லுக்கு அது சரிவராது. மென்மையான ரப்பரில் 4, 5 மில்லிமீற்றர் பல் உள்ளது இரண்டுக்கும் ஓரளவு பொருந்தும்.

கோல்போர்ட்டில் படகுகளைத் தண்டவாளத்தில் 63 மீற்றர் உயரத்துக்கு ஏற்றி இறக்கிய ஹே சரிவு உண்டு. மேல்முனை அருங்காட்சியகத்துக்குள் இருப்பதால் கீழிருந்தே பார்த்துக்கொள்ளலாம். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக 1922இல் கட்டிய நடைபாலத்தால் தென்கரைக்கு வந்தால் மீண்டும் ரயில் தடம், சமதரை. ஆபத்தும் இங்கேதான். ஏற்றமெல்லாம் முடிந்த உற்சாகத்தில் வேகம் கூட்டுவார்கள், தொடை பிடித்துவிடும். முழுச் சுற்றும் பன்னிரண்டு, பதினான்கு கிலோமீற்றர் வரும். அரை லீற்றர் தண்ணீரில் பாதியையாவது லொயிட்ஸ் கொப்பிஸுக்குள் நுழையுமுன் குடித்திருக்க வேண்டும்.

கனமழைக்குப் பின் ஆற்றுமட்டத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்; ஆற்றோர வார்ஃபேஜ் வீதி வெள்ளத்தில் மூழ்கும், அப்போது லிங்கன் ஹில் வழியாகவே திரும்ப வேண்டும். சுற்றை எதிர்த்திசையில் ஓடுவோரும் உண்டு. எமக்கு அதில் உடன்பாடில்லை: பென்தாலின் ஈரக்கல் இறக்கம் களைத்த காலுக்கு வரும்.