நுழைவுத் தேர்வே இல்லாத கலைப்பள்ளி: டோக்கியோ பிகக்கோவில் செப்புத் தகடு அச்சு படிக்க

டோக்கியோவில் பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன பகுதி ஜின்போச்சோ. பிகக்கோ இருப்பது அங்கேதான். கெந்தாய் ஷிச்சோஷா என்ற பதிப்பகம் 1969இல் தொடங்கிய கலைப்பள்ளி இது. ஆயிரம் யென் நோட்டை அச்சடித்து நீதிமன்றம் வரை போன கலைஞர் அகசெகவா கென்பெய் இங்கே பாடம் எடுத்திருக்கிறார். நுழைவுத் தேர்வு கிடையாது, படித்த சான்றிதழ் கேட்பதில்லை. வரையத் தெரியாதவரும் சேரலாம்.

முதலில் விசாவைப் பாருங்கள். இது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி அல்ல, அதனால் இதைக் காட்டி மாணவர் விசா வாங்க முடியாது, பட்டமும் கிடைக்காது. வேலை விசாவிலோ குடும்ப விசாவிலோ ஏற்கெனவே ஜப்பானில் இருப்பவர்களுக்குச் சிக்கலில்லை. மொழிப்பள்ளி மாணவர்களும் கூடுதலாக இங்கே வரலாம். ஆனால் மொழிப்பள்ளி வருகைப்பதிவு குறைந்தால் விசா நீட்டிப்பில் கைவைப்பார்கள். பகுதிநேர வேலைக்கு வாரம் 28 மணி நேரம்தான் உச்சவரம்பு. இரண்டையும் கணக்குப் போட்டுவிட்டு வகுப்பு நாளைத் தேர்ந்தெடுங்கள். 90 நாள் சுற்றுலா விசாவில் ஓராண்டு வகுப்பை முடிக்க வழியே இல்லை.

வகுப்புகள் பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறைதான். எல்லாம் ஜப்பானிய மொழியில். பட்டறை வகுப்பென்றால் கையைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்ளலாம். கோட்பாட்டு வகுப்புக்கு மொழி நன்றாக வர வேண்டும். பணம் கட்டும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். கட்டணத்தில் தகடு, தாள், மை சேருமா, வகுப்பில்லாத நாளில் அச்சு எந்திரத்தைத் தொடலாமா என்ற இரண்டையும் அப்போதே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பொருள் வாங்க அதே பகுதியில் 1887இல் தொடங்கிய பும்போதோ கடை இருக்கிறது.

செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறிப் படம் வரைந்து, கீறிய கோட்டைக் கரைசலால் அரித்துப் பள்ளமாக்கி, அதில் மை நிரப்பித் தாளில் அழுத்தி எடுப்பதுதான் இந்த அச்சு. இந்த வேலையில் பெரும்பாலானோர் சறுக்குவது ஊசியில் இல்லை, அதற்கு முந்தைய தயாரிப்பில்தான். ஒரு மில்லிமீட்டர் தகட்டின் நான்கு விளிம்பையும் 45 பாகையில் அரத்தால் சாய்த்து வழவழப்பாக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தத்தில் தாளையும் அச்சு எந்திரத்தின் கம்பளத்தையும் அது வெட்டிவிடும். அடுத்து எண்ணெய்ப்பசை நீக்கல். சாக்பீஸ் பொடியோடு சோயா சாஸ் விட்டுத் தேய்த்தால் நன்றாகப் போகும். கழுவும்போது தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் பசை இன்னும் இருக்கிறது. விரிப்பு போல ஒரே சீராகப் படர்ந்தால்தான் சரி. பசை இருக்கும் இடத்தில் மெழுகுப்பூச்சு பிடிக்காது, பின்னால் அரிக்கும் கரைசல் அந்த இடத்தைத்தான் முதலில் அரிக்கும்.

ஊசியால் பூச்சை மட்டும் கீறினால் போதும், செம்பைத் தோண்டத் தேவையில்லை. அரிப்பதற்கு ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பின் கரைசல். தகட்டைப் படம் மேலே தெரிய வைத்தால் கரைந்த கசடு கோட்டுக்குள்ளேயே படிந்து அரிப்பை நிறுத்திவிடும். அதனால் முகம் கீழாகத் தாங்கி வைப்பார்கள், அல்லது நிற்கவைப்பார்கள். மெல்லிய கோட்டுக்குப் பத்து நிமிடம் போதும்; அடர்ந்த கருப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். குளிர்காலத்தில் கரைசல் மந்தமாகும் என்பதால் கோடைக்காலக் குறிப்பேட்டை அப்படியே நம்பாதீர்கள், சோதனைத் துண்டு ஒன்றைக் கூடவே போடுங்கள். தகட்டை வெளியே எடுத்து, மெல்லியதாக நிற்க வேண்டிய கோடுகள் மேல் வார்னிஷ் தடவி, உலர்ந்த பிறகு மறுபடி இறக்குவதுதான் ஆழ வேறுபாட்டுக்கு வழி. பயன்படுத்திய கரைசலைக் கழுவுதொட்டியில் ஊற்றவே கூடாது, குழாயையும் அது அரிக்கும்.

அச்சிடும் நாளில் தாளை நனைத்து ஒற்றியெடுங்கள். மேலே நீர் மின்னினால் மையை ஏற்காது, உலர்ந்துபோனால் கோடு உடைந்து வரும். தகட்டை லேசாகச் சூடாக்கி மை திணித்து, கஞ்சி போட்ட வலைத்துணியால் வட்டமாகத் துடையுங்கள். அழுத்தித் துடைத்தால் கோட்டிலிருக்கும் மையும் வெளியே வந்துவிடும். கடைசித் துடைப்பு உள்ளங்கையால்.

அச்சு எந்திரத்தின் அழுத்தத்தைத் தனியாகச் சரிசெய்வதை அந்த ஓராண்டுக்குள் எப்படியும் கற்றுவிடுங்கள். வகுப்பு முடிந்தபின் வாடகைப் பட்டறையில்தான் வேலையைத் தொடர வேண்டியிருக்கும். எந்திரத்தைத் தனியே இயக்கத் தெரியுமா என்பதுதான் அங்கே முதல் கேள்வி.